மேல்முறையீடு செய்யும் உரிமை யாருக்கு?

2006 நவம்பர் 12 அதிகாலை. மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில், சாலைப் பணிக்காக அமர்த்தப்பட்ட தொழிலாளர்கள் நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் மீது கார் ஏறியதில் ஏழு பேர் மாண்டனர். எட்டுப் பேர் காயமடைந்தனர். காரை ஓட்டியவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 112 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம்.

விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாகக் கருதி ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மும்பை உயர்நீதிமன்றமோ, விளைவை அறிந்தே செய்யப்பட்ட செயல் எனக் கொண்டு, கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவின் கீழ் தண்டனையை மூன்றாண்டுகளாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்றாண்டு தண்டனை போதுமானதல்ல என்றும், மாநில அரசு மேல்முறையீடு செய்யாததால் அதனை உயர்த்தப் பரிசீலிக்கவில்லை என்றும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. ஏழு உழைப்பாளிகளின் உயிருக்காக உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட அரசு முன்வரவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு தீர்ப்பு வந்தது. 1999 ஜனவரியில் தில்லி லோதி காலனியில் மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேரைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கு அது. காரை ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதியின் பேரன். விசாரணை நீதிமன்றம் விதித்த ஐந்தாண்டை உயர்நீதிமன்றம் இரண்டாண்டாகக் குறைத்தது. கடுமையான பிரிவே பொருந்தும் என்று ஏற்ற உச்சநீதிமன்றம், அனுபவித்த சிறைவாசமே போதும் என்றது. 50 லட்சம் ரூபாயும் இரண்டாண்டு சமூக சேவையும் விதித்தது.

தண்டனை போதாது என்று கருதும் குடும்பங்கள் என்ன செய்ய முடியும்? குற்றவாளி விடுவிக்கப்பட்டாலோ, குறைந்த குற்றத்தின் கீழ் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ மேல்முறையீடு செய்யும் உரிமை, 2009இல் பாதிக்கப்பட்டோருக்குக் கிடைத்தது. தண்டனையை உயர்த்தக் கோரும் உரிமை அதில் இல்லை என்பதை 2020இல் உச்சநீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆவது பிரிவும் அதே குறையைத் தொடர்கிறது. புதிய சட்டம் என்று பெருமை பேசிய ஒன்றிய அரசு இதைத் திருத்த முனையவில்லை.

வசதி படைத்தவர் இறுதிவரை வழக்காடுகிறார். கூலித் தொழிலாளியின் குடும்பமோ அரசை மட்டுமே நம்பி நிற்கிறது. எனவே 413ஆவது பிரிவைத் திருத்தி, தண்டனையை உயர்த்தக் கோரும் உரிமையைப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்க வேண்டும். உச்சநீதிமன்றம் வரை இலவச சட்ட உதவியை உறுதிசெய்ய வேண்டும். சாலை போடும் தொழிலாளர் நடைபாதையில் உறங்காதிருக்க, பாதுகாப்பான தங்குமிடம் அளிப்பதை ஒப்பந்ததாரரின் கடமையாக்கி, அதைக் கண்டிப்புடன் அமலாக்க வேண்டும்.