நீக்கும் உரிமை யாருக்குரியது?

கோப்பொன்றை நீக்கும் உரிமை அதன் உடைமையாளருக்குரியதா, அது இடம்பெறும் அடைவை ஆள்பவருக்குரியதா? இவ்வினாவுக்கு யுனிக்ஸ் தரும் விடையைப் பழிப்போர் பலர். கோப்பில் ஓரெழுத்தைத்தானும் மாற்ற அனுமதியற்ற ஒருவர் அக்கோப்பையே நீக்கிவிடலாமாயின் அது எவ்வகைப் பாதுகாப்பு என்பது அவர்தம் வாதம். மேலோட்டமாக நோக்கின் நியாயமாகத் தோன்றும் இவ்வாதம், அம்முறைமையின் அடிப்படையை உணராமையின் விளைவாகும்.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 தொடக்கம் உருவாக்கிய யுனிக்ஸில், அடைவு என்பது பெயர்ப் பட்டியலேயாகும். ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருத்தல் கூடும். நீக்கல் என்பது பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடுதலே. எனவே பட்டியலைத் திருத்தும் அனுமதி பெற்றவர் பெயரையும் நீக்கலாம் என்பதில் முரண்பாடு யாதுமில்லை. பலரும் எழுதும் பொது அடைவில் இவ்விதி இடர்தரும் என்பதும் உணரப்படாமலில்லை. கோப்பின் உடைமையாளர், அடைவின் உடைமையாளர், முறைமை நிருவாகி ஆகியோர் மட்டுமே நீக்குமாறு கட்டுப்படுத்தும் தனிக்குறியொன்றை 1986இல் பேர்க்லி 4.3 பதிப்பு ஏற்படுத்தியது. விதியும் அதற்கான காப்பும் அங்கு ஒருங்கே அமைந்தன.

பழிக்கத்தக்கது அவ்விதியைப் பிறிதொரு மண்ணில் அரைகுறையாக நட்டமையே. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. ஒவ்வொரு கோப்புக்கும் நீக்கல் அனுமதியைத் தனியே வகுத்திருந்தது. 1988இன் பொசிக்ஸ் நியமத்துக்கு இசைவதன் பொருட்டு, அடைவிலுள்ளவற்றை நீக்கும் அனுமதியும் அதனோடு சேர்க்கப்பட்டது. இரண்டில் ஒன்றிருப்பினும் போதும் என்பதே அங்குள்ள விதி. விளைவு யாது? கோப்பின்மீது 'அணுகல் இல்லை' எனப் பொறித்த பின்னரும், அடைவின்மீது 'முழுக் கட்டுப்பாடு' பெற்ற எவரும் அதனை அழிக்கலாம். வாசிக்கவும் முடியாதவர் அழிக்க முடிகின்றது! அவ்வனுமதியோ தனித்துக் காட்டப்படாது 'முழுக் கட்டுப்பாடு' என்ற தொடருள் மறைந்து கிடந்தது. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே அனுமதிப் பட்டியலில் அது வெளிப்படையாக இடம்பெற்றது.

'முழுக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாக மாற்றல் அனுமதியை மட்டும் வழங்கினால் இடரில்லை. கையேட்டைப் படித்தறிக' எனச் சிலர் விடையிறுப்பர். பரிகாரம் உண்மையே, எனினும் அது குற்றத்தைத் துடைத்துவிடாது. 'இல்லை' என்ற சொல்லை நம்பித் தன் உழைப்பை ஒப்படைத்தவரிடம், அச்சொல்லுக்கு வேறிடத்தில் விலக்குண்டு எனப் பின்னர் உரைப்பது நேர்மையாகாது. பிறர் விதியைப் பின்பற்றுதல் இழிவன்று. அதன் காரணத்தை விடுத்து, அதன் காப்பையும் விடுத்து, உருவை மட்டும் இரவல் பெறுவதே இழிவு. அனுமதி என்பது பயனருக்கு அளிக்கப்படும் வாக்கு. வாக்கின் பொருள் வாக்கிலேயே விளங்கவேண்டும்.