தாயை ஊமையாக்கும் கல்வி

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளையின் பக்கத்திலமர்ந்து பாடம் கேட்ட தாய், அப் பிள்ளை ஆறாம் வகுப்பிற்குப் போனதும் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறாள். வேலை மிகுந்துவிட்டதாலன்று, பிள்ளையின்மேல் பற்றுக் குறைந்துவிட்டதாலுமன்று. பிள்ளையின் கையிலிருக்கும் நூல் அவளுக்கு விளங்காத அயன்மொழியில் இருக்கின்றது. தன் வீட்டில், தான் பெற்ற பிள்ளைக்கு முன்னால், வாயிழந்து நிற்கும்படி ஒரு தாயைச் செய்துவிட்டு, அதற்கு ஆங்கிலவழிக் கல்வி என்று பெயருஞ் சூட்டி, ஆண்டுதோறும் பல்லாயிரம் உருபாவை அவளிடமே கறந்துகொள்கின்றனர் கல்வி வணிகர். இக் கொடுமையைப் பெற்றோரே முன்னேற்றம் என்று போற்றிக்கொண்டிருப்பதுதான் வியப்பினும் வியப்பு!

‘பிள்ளைகளின் படிப்பில் பெற்றோர் கருத்துச் செலுத்துவதில்லை’ என்று மேடைதோறும் கல்வியாளர் குறைபட்டுக்கொள்கின்றனர். அறிவுரைகளுக்கும் பஞ்சமில்லை. வீட்டில் படிப்பதற்கென ஓர் இடம் ஒதுக்க வேண்டுமாம். தொலைக்காட்சியை அணைத்துவைக்க வேண்டுமாம். நாள்தோறும் பிள்ளையோடு பாடத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். எல்லாம் நல்லுரைகளே. ஆனால் எந்த மொழியில் பேசுவது என்பதை மட்டும் அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. பாடம் ஒரு மொழியிலும் வீடு வேறொரு மொழியிலுமாக இருக்கையில் பேசுவதற்கு என்ன இருக்கின்றது? ‘படித்தாயா?’ ‘படித்தேன்.’ ‘எழுதினாயா?’ ‘எழுதினேன்.’ இவ்வளவில் முடிந்துபோகின்றது வீட்டுக் கல்வி. சிறைக் காவலர்கூட இதனினும் மிகுதியாகப் பேசுவர்.

ஆறு முதல் எட்டு வரையுள்ள நடுநிலை வகுப்புகளைத் தொடக்கக் கல்வியின் வாலாகவும், பத்தாம் வகுப்புத் தேர்வின் வாயிற்படியாகவுமே தமிழ்நாட்டில் எண்ணுகின்றனர். ஆட்சியாளர்க்கும் அவ் வகுப்புகள் தேர்வு வைக்கும் களமாகவே தென்பட்டன. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணையிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் 2020 பிப்பிரவரியில் அதனைத் திரும்பப் பெற்றனர். அப் பதினொன்று முதல் பதினான்கு அகவைக்குள் பிள்ளையின் அறிவில் என்ன நிகழ்கின்றது என்று எண்ணிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் நடத்தினார். பிள்ளையின் முகம் பார்த்தே உள்ளம் அறிந்தார். ஆறாம் வகுப்பிலோ பாடத்திற்கு ஓர் ஆசிரியர்; மணி அடித்தால் ஆள் மாறுவார். அதுவரை தொட்டும் எண்ணியும் பார்க்கக் கூடியவையாக இருந்த பாடப்பொருள்கள், கண்ணுக்குப் புலனாகாக் கருத்துகளாக மாறுகின்றன. சுழிக்குக் கீழும் எண் உண்டு என்கிறது கணக்கு. எண்ணுக்கு மாற்றாக எழுத்தை வைத்துக் கணக்கிடு என்கிறது. விசை, அழுத்தம், அடர்த்தி, ஒளிச்சேர்க்கை என அறிவியல் விரிகின்றது. ஒளிச்சேர்க்கை என்னுஞ் சொல்லைக் கேட்ட தமிழ்ப்பிள்ளைக்கு ஒளி தெரியும், சேர்க்கை தெரியும், கதிரவனுக்கும் இலைக்கும் ஏதோ தொடர்புண்டு என்பது சொல்லின் உள்ளிருந்தே புலப்படும். அதே பிள்ளை ‘போட்டோசிந்தசிசு’ என்பதைப் பத்துமுறை எழுதி நெட்டுருச் செய்தாலும் எழுத்துக்கூட்டு மட்டுமே மிஞ்சும். கருத்து முதிரத் தொடங்கும் அகவையில் மொழியைப் பறித்துவிட்டால், பிள்ளை கருத்தை விட்டுவிட்டு ஒலியைப் பற்றிக்கொள்கின்றது. மதிப்பெண்ணும் வருகின்றது, அறிவுதான் வருவதில்லை.

தாய்க்கு எழுத்தறிவு இல்லை. அவள் எங்ஙனம் உதவுவாள் என்று கேட்பவர் உளர். ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்குகளில் வட்டி வருகின்றது. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு வட்டியைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு 2 வட்டி என்றால் திங்களுக்கு 2 உருபா, ஆண்டுக்கு 24 என்பது அவளுக்கு உறக்கத்திலும் தெரியும். 10,000 உருபாக் கடனுக்குத் திங்கள்தோறும் 200 உருபா கட்டி, ஓராண்டில் 2,400 உருபாவை இழந்தும் முதல் சற்றும் குறையாமல் நிற்பதை உடலால் அறிந்தவள் அவள். கட்டத் தவறிய வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுவதைத்தான் பாடநூல் கூட்டுவட்டி என்கிறது. ‘பிரின்சிபல்’, ‘ரேட்’ என்று முணுமுணுத்துக்கொண்டு விழிபிதுங்கும் மகனுக்கு, அக் கணக்கில் தேர்ந்த பேராசிரியை தன் தோளுரச அமர்ந்திருக்கிறாள் என்பது தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியவொட்டாமல் இருவர்க்குமிடையே ஒரு மொழிச்சுவர் எழுப்பப்பட்டிருக்கின்றது.

வட்டி மட்டுமோ? நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைப்பவளும், சுவர்ப்பூச்சுக்கு ஒரு பங்கு சிமிட்டியோடு நான்கு பங்கு மணலும், கட்டு வேலைக்கு ஆறு பங்கு மணலும் கலக்கும் கொத்தனும் நாள்தோறும் செய்வது ஆறாம் வகுப்புக் கணக்கே. ஆட்டிவைத்த மாவு இரவில் பொங்கி எழுவது நொதித்தல். உலைமூடியைத் தள்ளுவது ஆவியின் அழுத்தம். விதைநெல்லை நீரிலிட்டு மிதக்கும் பதரை உழவன் நீக்குவது அடர்த்திப் பாடம். தமிழர் வீடு ஒரு செய்முறைக் கூடம். அதற்குள் வாழும் பிள்ளை அதே செய்திகளை அயன்மொழியில் நெட்டுருச் செய்து, வீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் என்றுங் கருதிக்கொள்கின்றது. பெற்றோரை மதியாத பிள்ளைகள் பெருகிவிட்டனர் என்று வருந்துவோர், அம் மதியாமையின் முதற்பாடம் எங்கே நடத்தப்படுகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஊமையாக்கப்பட்ட தாயின் இடத்தில் வந்து அமர்வதே தனிவகுப்பு வணிகம். காலை ஏழு மணிக்கு ஊர்தி ஏறும் பிள்ளை மாலை ஐந்து மணிக்குத் திரும்புகின்றது. முகங் கழுவுமுன் ‘டியூசனுக்கு’த் துரத்தப்படுகின்றது. பள்ளியில் விளங்காததை, அதே விளங்காத மொழியில், எட்டு மணி வரை மீண்டும் உருப்போடுவதற்கு இரண்டாம் முறையும் பணம்! வீடு உண்டு உறங்கும் விடுதியாகிறது. தந்தை பணங் கட்டும் கணக்கராகிறார். அதிலும் பல தந்தையர் மாலையில் அரசின் மதுக்கடைக்கோ கைப்பேசித் திரைக்கோ தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டு, ‘எவ்வளவு கட்டுகிறேன் தெரியுமா?’ என்று பிள்ளையிடம் உறுமுவதோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றனர்.

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, எந்த ஆசிரியரும் தனிவகுப்பு நடத்தலாகாது என்கிறது. 29-ஆம் பிரிவு, இயலும் வரையில் பிள்ளையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. இரண்டும் ஏட்டில் உறங்குகின்றன. ‘இயலும் வரையில்’ என்னும் ஓட்டை வழியே ஒரு தலைமுறையே வெளியேற்றப்பட்டுவிட்டது. தனியார் பள்ளிகளை மட்டும் நொந்து என்ன பயன்? தமிழ் முழக்கத்தால் வளர்ந்த ஆட்சியாளரே 2013-14-ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருவாரியாகத் திறந்தனர். அடுத்து வந்தோரும் அவற்றை மூடவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைகிறது, ஆகவே ஆங்கிலவழி என்றனர். கூரை ஒழுகுகிறது என்பதற்காக அடித்தளத்தைத் தோண்டியெடுக்கும் அறிவாளிகள்!

வீடே பள்ளியாக நிற்க வேண்டிய காலமும் வந்தது. கொரோனா நோயால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறக்கப்பட்டன. 2020-இல் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளை, ஆறாம் வகுப்பறையைக் கண்ணாலும் பாராமல் ஏழாம் வகுப்பில் போய் அமர்ந்தது. ஏறத்தாழ 19 திங்கள்! ஊர்தியில்லை, தனிவகுப்பில்லை, பாடநூலும் வீடும் மட்டுமே எஞ்சியிருந்தன. தமிழ் நூலை வைத்திருந்த பிள்ளை தடுமாறிய இடத்தில், எழுத்தறிந்த அக்கையோ அண்டை வீட்டு அண்ணனோ ஒரு வரியைப் படித்துச் சொல்ல முடிந்தது. ஆங்கில நூலை வைத்திருந்த பிள்ளைக்கோ, தெருவில் அம் மொழியறிந்தவர் ஒருவர் இருந்தாலன்றி வழியில்லை. 2021 அக்டோபர் 27-இல் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம், ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் தெருத்தோறும் தன்னார்வலரை அமர்த்தியது. நற்செயலே. ஆயினும் இல்லத்தைத் தேடிச் சென்ற கல்வி, இல்லத்திற்குள் இருந்த ஆசிரியையைத் தேடவில்லை.

ஆங்கிலம் வேண்டாவா என்று ஒரு கூட்டம் உடனே பாயும். வேண்டும். ஒரு மொழியாக, மொழிப்பாடமாக, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு செவ்வனே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைக் கற்பதற்கும், ஆங்கிலத்தில் மட்டுமே எல்லாவற்றையும் கற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர்போல் நடிப்பதுதான் இவ் வணிகத்தின் மூலமுதல். நிலவுக்கு 2008-இல் செலுத்தப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழியில் பள்ளிக்கல்வி கற்றவர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த சிவனும் தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்றவரே. ஈழத்தில் பள்ளிக் கல்வியின் இறுதி வரை கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே கற்றவர்கள் இன்று பல நாடுகளில் மருத்துவராகவும் பொறிஞராகவும் பணிபுரிகின்றனர். அவர்கள் ஆங்கிலமறியாமல் எங்கும் தவித்துநிற்கவில்லை. வேலை கிடைக்காது என்பதும் முழுமெய்யன்று: தமிழ்வழியில் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டரசின் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010 முதல் உள்ளது. பள்ளிப் படிப்பு முழுமையும் தமிழ்வழியில் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் அது திருத்தவும்பட்டது. ஆறாம் வகுப்பில் பிள்ளையை ஆங்கிலவழிக்கு மாற்றும் தந்தை, அவ் வாய்ப்பைத் தம் கையாலேயே அடைத்துவிடுகிறார்.

அங்ஙனமாயின் வீடு செய்ய வேண்டியது யாது? பிள்ளையைத் தமிழ்வழியில் சேர்ப்பது முதற்பணி. ஏற்கெனவே ஆங்கிலவழியில் சேர்த்துவிட்டோரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் ஒரே பாடம் இரு மொழிகளிலும் நூலாக வெளிவருகின்றது. தமிழ் நூலையும் வாங்கி வீட்டில் வைத்து, பிள்ளை முதலில் அதைப் படித்துப் பொருளுணர்ந்தபின் மற்றதைத் தொடச் செய்யலாம்.

அடுத்தது, உண்ணும் வேளையில் அரைமணி நேரம். ‘இன்று என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கும் சொல்’ என்று தாய் கேட்க வேண்டும். ஒப்பிக்கச் சொல்லலாகாது, விளக்கச் சொல்ல வேண்டும். விளங்கிய பாடத்தைப் பிள்ளை நீரோட்டமாகச் சொல்லும். விளங்காத இடத்தில் நா தடுக்கும், அல்லது நூலின் சொற்களையே கிளிபோல் அடுக்கும். அத் தடுக்கலைக் கண்டுகொள்ள எழுத்தறிவே தேவையில்லை. பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும், அதில் தாயை விஞ்சியவர் இலர். எந்த இடத்தில் தடுக்கியதோ அதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வருமாறு அனுப்ப வேண்டும். இதற்குக் காசில்லை. காசில்லாததாலேயே இதை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை!

பெண்பிள்ளையின் நிலை தனியே சொல்லத்தக்கது. அவள் பூப்பெய்துவதும் இவ் வகுப்புகளில்தான். குடமும் துடைப்பமும் தம்பியின் பொறுப்பும் அவள் கையில் ஏறுவதும் இவ் வகுப்புகளில்தான். அண்ணன் படிக்கும் நேரத்தில் அவள் ஏனம் துலக்குகிறாள்; பின்னர் ‘இவளுக்குப் படிப்பு ஏறவில்லை’ என்ற தீர்ப்பும் வழங்கப்படுகின்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்விக்குச் சென்றால் திங்களுக்கு 1,000 உருபா வழங்கும் திட்டம் 2022-இல் வந்தது. மருத்துவப் படிப்பில் 2020-இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் அதே ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றது. அண்ணனுக்குக் கொடுத்த அரைமணி நேரத்தைத் தங்கைக்கும் கொடுக்காத வீடு, இவ்வுரிமைகளுக்கு வெளியே தானே அவளைத் தள்ளிவிடுகின்றது.

இறுதியாக, பள்ளிக்குள் நுழைய பெற்றோர் அஞ்சுதல் கூடாது. கல்வியுரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுத் தேநீர் அருந்திவிட்டு வருவதற்காக அக் குழு ஏற்படவில்லை. ஆறு முதல் எட்டு வரை பாடத்திற்குரிய ஆசிரியர் அனைவரும் உளரா, தமிழ்வழிப் பிரிவில் எத்துணைப் பிள்ளைகள் உளர், அப் பிரிவு மூடப்பட்டதாயின் யார் ஆணையால் மூடப்பட்டது, நூலகப் பேழையின் பூட்டு இவ் வாண்டில் எத்துணை முறை திறக்கப்பட்டது என்று அங்கே கேட்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவனை அழைத்து, தமிழ் அறிவியல் நூலில் ஒரு பக்கத்தைப் படிக்கச் செய்து, படித்ததைத் தன் சொற்களில் சொல்லுமாறு கேட்க வேண்டும். அவன் சொன்னதையும் சொல்ல முடியாததையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வதற்கு அத் தாய்மார்க்கு உரிமையுண்டு.