முகூர்த்த நேரம் எங்கே இருக்கிறது?

புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், அதே பத்திரிகை வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி முடித்துவிடுகிறது. அச்சுக்குப் போன பக்கத்தையே படமாக்கி அனுப்பிவிடுகிறோம். அதைப் பெற்றுக்கொண்டவர் இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமுமாக இழுத்து, முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தையும் தேடுகிறார். கணக்கு எளிது: 18 செ.மீ. அகலப் பக்கம் 7 செ.மீ. திரைக்குள் அடங்கும்போது 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். குறை திரையில் இல்லை. எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை, பத்திரிகை வடிவமைக்கும் நம் தொழில் கைவிட்டதுதான் குறை என்பது நம் கருத்து.

ஈய எழுத்துக் காலத்தில் அந்த முடிவைப் பாதி அச்சகமே எடுத்தது. சிறிய அச்சகத்தில் பெரிய அளவு எழுத்து ஒன்றிரண்டு பெட்டிதான் இருக்கும். அதை மணமக்கள் பெயருக்குக் கொடுத்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே அடங்கி நிற்கும். ரசனையைவிட வறுமைதான் அந்த ஒழுங்கைத் தந்தது. 1985-இல் வந்த பேஜ்மேக்கரும் அதன் பிறகு வந்த கோரல்டிராவும் எந்த எழுத்தையும் எந்த அளவுக்கும் இழுக்கலாம் என்றாக்கின. சங்கரநாராயணன் என்ற பெயரைக் கட்டத்துக்குள் நுழைக்க இரு பக்கமும் அமுக்கிப் பாருங்கள்: நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் அப்படியே தடித்திருக்கும், ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். பெயர் பெரிதாகத் தெரியும், படிக்கத்தான் வராது. பிளெக்ஸ் வந்த பிறகு இந்தப் பழக்கம் சதுர அடிக் கணக்கில் பெருகியது. காசு கொடுத்த இடம் காலியாகக் கிடப்பதா என்பது வாடிக்கையாளரின் நியாயம். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் எந்தக் குரலும் காதில் விழாது.

ஆங்கிலத்திலிருந்து எடுத்த டெம்ப்ளேட்டுகளும் இதில் கைகொடுப்பதில்லை. அங்கே பெரிய எழுத்தும் சாய்வெழுத்துமே பாதி வேலையை முடித்துவிடும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ‘கி’யின் கொக்கி மேலே ஏறுகிறது, ‘கு’வின் வளைவு கீழே இறங்குகிறது, ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி நமக்குப் போதாது. நமக்கு மிஞ்சுவது அளவு, தடிமன், நிறம், வெற்றிடம் ஆகிய நான்குதான். கேட்டமரான் எழுத்துரு ஒன்பது தடிமன்களில் கிடைக்கிறது. அனெக் தமிழ் எழுத்துருவில் அகலத்தையே 75 முதல் 125 விழுக்காடு வரை, எழுத்தின் உருவம் கெடாமல் மாற்றலாம். நீண்ட தமிழ்ப் பெயர்களுக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை. இரண்டும் இலவசம். அப்படியிருந்தும் பழைய எழுத்துருவை அமுக்குவதே கைப்பழக்கமாக இருக்கிறது.

பத்திரிகை என்பது வெறும் தகவல் சீட்டல்ல, குலதெய்வம், பெரியவர்கள், மணமக்கள் என்ற வரிசையை யாரும் மாற்ற முடியாது என்பார்கள். மாற்றவும் வேண்டாம். மேலே சங்கரநாராயணர், கோமதி அம்பாள் துணை இருக்கட்டும்; தாத்தா பாட்டி பெயர் அதற்குரிய இடத்தில் இருக்கட்டும். வரிசை வேறு, அழுத்தம் வேறு. அவற்றுக்குப் பிறகு வரும் தேதி முதலில் கண்ணில் படும்படி செய்வதுதான் நம் கைத்திறன். தாய்மாமன் பெயர் சிறுத்தால் சண்டை வரும் என்பதும் உண்மைதான் (எந்த வடிவமைப்புப் பாடநூலிலும் இந்த விதி இல்லை). அதற்காகவே திரைக்கென்று தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்கிறோம். பெயர்கள் எல்லாம் அச்சுப் பிரதியில் முழுதாக இருக்கும். கைபேசிக்குப் போவதில் மணமக்கள், நாள், நேரம், மண்டபம் மட்டும். ஒரே கூலிக்கு இரண்டு வேலையா என்று கேட்பவர்கள் இரண்டாவது பக்கத்துக்குத் தனி விலை சொல்லுங்கள். பிளேட் போடும் முன் உங்கள் கைபேசிக்கே ஒரு முறை அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, விரிக்காமல் படித்துப் பாருங்கள். தேதி தெரியவில்லை என்றால் மறுபடி உட்காருங்கள்.