விக்டோரியா மண்டபம்: செங்கல்லின் வரலாறும் மேடையின் வரலாறும்

சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே நிற்கும் அந்தச் செந்நிறக் கட்டடத்தைக் குறித்து எழுதப்படுவன யாவும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை. ஆந்திரத்து விஜயநகர சமஸ்தான மன்னர் ஆனந்த கஜபதி 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார். வரைபடம் தந்தவர் சிஷோம். கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் சூட்டப்பட்டது. இந்தோ-சாரசனிக் பாணி என்ற சொற்றொடரும் தவறாது இடம்பெறும். அத்துடன் கட்டுரை முடிந்துவிடும்.

இவையெல்லாம் உண்மையே. எனினும் இது கொத்தனார் கணக்கேயன்றி மண்டபத்தின் வரலாறு ஆகாது. ஓர் அரங்கின் வரலாறு அதன் மேடையில் நிகழ்ந்தவற்றின் வரலாறு. கீழே அறுநூறு பேரும் மேல்மாடத்தில் இருநூறு பேரும் அமரக்கூடிய அக்கூடத்தில் அமர்ந்தவர்கள் எதைக் கண்டார்கள் என்று கேளாமல் தூணையும் வளைவையும் எண்ணிக்கொண்டிருப்பது, ஓலைச்சுவடியின் நீள அகலத்தை அளந்துவிட்டுப் பாட்டைப் படிக்காமல் கட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

பழியைக் கட்டடக்கலை ஆர்வலர் மீது மட்டும் சுமத்துவதற்கில்லை. தமிழ் கற்பிக்கும் நம் போன்றோர்க்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1891ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில்தான் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. அதே ஆண்டு சூலையில்தான், பதினெட்டு வயதே நிரம்பிய பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முன்னது படிப்பதற்கென எழுந்த செய்யுள் நாடகம். பின்னது நடிப்பதற்கெனக் கூடிய கூட்டம். முன்னதை மனப்பாடப் பகுதியாக்கினோம். பின்னதைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறும் குறுவினாவாகச் சுருக்கினோம். முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். மூன்றாம் தமிழ் வாழ்ந்த முகவரியைக் கேட்டால் விழிக்கிறோம்.

அம்முகவரிகளுள் முதன்மையானது இம்மண்டபம். சுகுண விலாச சபையார் பல ஆண்டுகள் இங்கே நாடகங்களை அரங்கேற்றினர். சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். அவற்றுள் மனோகரா பின்னாளில் திரைப்படமாகவும் புகழ்பெற்றது. வழக்கறிஞரும் அரசு அலுவலரும் அரிதாரம் பூசி மேடையேறினர். தீரர் சத்தியமூர்த்தியும் அச்சபையில் நடித்தவரே. நடிப்பவனைக் கூத்தாடி என்று இகழ்ந்த ஊரில் இது சிறிய மாற்றமன்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் உரையாற்றியதும் இந்த மண்டபத்தில்தான். சென்னையில் படக்காட்சி தலைகாட்டிய 1890களில் இங்கும் அது காட்டப்பட்டது.

இதற்காகச் சபையாரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர்கள் கனவான்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த தொழில்முறைக் குழுவினர் ஊர் ஊராய்க் கொட்டகை போட்டு வயிறு கழுவிய காலத்தில், இவர்கள் கற்றோர்க்குரிய கலையாக நாடகத்தை வரம்பிட்டுக்கொண்டனர். பெண் வேடங்களை ஆடவரே தாங்கினர். இக்குறைகளையும் பேசுவதுதான் வரலாறு. பேசுவதற்கு முதலில் நினைவு வேண்டுமே!

இனி நிலத்தின் கதை. பீப்பிள்ஸ் பார்க் என்ற பொதுப் பூங்காவிலிருந்து ஐம்பத்தேழு கிரவுண்டு நிலம், கிரவுண்டுக்கு எட்டணா வீதம், 99 ஆண்டுக் குத்தகைக்கு அறங்காவலரிடம் தரப்பட்டது. நகரின் நடுவே எட்டணாவுக்கு நிலம் ஏன் கிடைத்தது? ஊர் மக்கள் கூடிக் கேட்கவும் காணவும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே. 1985இல் குத்தகை முடிந்தது. பின்னர் வழக்கு நடந்தது, மண்டபம் பாழ்பட்டது. சிங்காரச் சென்னைத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 32 கோடி ரூபாய் மதிப்பில் 2023இல் சீரமைப்பு தொடங்கியது. நிலமும் பொதுவினது, பணமும் பொதுவினது. அப்படியாயின் பயனும் பொதுவினதாக இருத்தல் வேண்டும் என்று கேட்பது மிகையா?

கூத்துப்பட்டறை 1977இலும் பரீக்‌ஷா 1978இலும் தோன்றின. அவற்றின் வழியில் எழுந்த நாடகக் குழுக்கள் ஒரு மாலைப்பொழுதுக்கு அரங்க வாடகை தரவியலாமல் எத்தனை பிரதிகளைப் பெட்டியில் பூட்டியிருக்கின்றன என்பதை நாடக நண்பர்களைக் கேட்டால் தெரியும். நாடகம் பார்க்க இன்று யார் வருவார் என்று சிலர் சிரிக்கக்கூடும். மேடையைப் பூட்டி வைத்துவிட்டுப் பார்வையாளர் இல்லை என்பது, உலையை ஏற்றாமல் விருந்தினர் வரவில்லை என்று வருந்துவதைப் போன்றது. 1891இல் அந்தச் சில இளைஞர்களுக்காகக் கூட்டம் காத்திருக்கவில்லை. அவர்கள் நடித்தார்கள்; கூட்டம் பிறகு வந்தது.

நம் கோரிக்கை எளியது. பழம்பொருள் காட்சியும் புகைப்படக் கண்காட்சியும் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றுக்கு நாம் எதிரியல்லோம். ஆனால் வாரத்தில் சில மாலைகளேனும் தமிழ் நாடகக் குழுக்களுக்கு, எட்டணாக் குத்தகையின் உணர்வோடு, அவர்கள் தாங்கக்கூடிய வாடகையில் அம்மேடை ஒதுக்கப்படல் வேண்டும். அதை விதியாகவே எழுதி வைத்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் ஆண்டுக்கு ஒரு நாடகத்தையேனும் பாடநூலிலிருந்து இறக்கி மாணவரை அங்கே நடிக்கச் செய்தல் வேண்டும். இவ்வளவும் செய்யாமல் சுவருக்கு மட்டும் செஞ்சாயம் பூசுவோமாயின், நாடகத்திற்கு ஒரு நல்ல கல்லறை கட்டிய பெருமையே நமக்கு மிஞ்சும்.