தாயின் நோயைப் பிள்ளையா சொல்வது?

குடும்ப வைத்தியரின் அறையில் நாற்பது வயதைத் தாண்டிய தாயொருத்தி அமர்ந்திருக்கிறாள். மாதவிலக்கு வந்தால் பத்து நாட்களாகியும் இரத்தப்போக்கு நிற்பதில்லை. அடிவயிறு கல்லாய்க் கனக்கிறது. அருகில் பன்னிரண்டு வயது மகன். வைத்தியர் கேட்பதை அவன் தமிழில் சொல்ல வேண்டும். தாய் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மகனின் முகத்தைப் பார்த்த தாய், "வயித்து நோ எண்டு மட்டும் சொல்லு ராசா" என்கிறாள். வலிமாத்திரையுடன் இருவரும் வீடு திரும்புகின்றனர். இங்கிலாந்தில் வாழும் எம்மவருக்கு இக்காட்சி புதியதன்று.

அத்தாயின் நோய் அரிதானதுமன்று. கருப்பையின் தசையில் வளரும் நார்க்கட்டிகளை வைத்தியர்கள் பைபிரொயிட் என்பர். 50 வயதை எட்டுவதற்குள் பெண்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோருக்கு இவை தோன்றுகின்றன. பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. புற்றுநோயாக இருப்பதும் மிக மிக அரிது. ஆயினும் கட்டி கருப்பையின் உட்புறம் நோக்கி வளர்ந்தால் இரத்தப்போக்குப் பெருகும். பெரிதானால் சலப்பையை அழுத்தும். மாதந்தோறும் அளவுக்கு மீறி இழக்கும் குருதி, குருதிச்சோகையைக் கொண்டுவரும். விடியுமுன் துப்புரவு வேலைக்குச் சென்று, படியேறும்போது மூச்சிரைக்கும் எமது சகோதரியோ, குளிரும் வேலையுமே காரணம் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறாள்.

சூலகத்தில் தோன்றும் கட்டியை இன்னும் கவனமாக நோக்க வேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்களில், 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். ஆனால் வயிறு தொடர்ந்து ஊதியிருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சலம் போதல் ஆகியவை மாதத்தில் 12 தடவைக்கு மேல் வருமாயின், குறிப்பாக 50 வயதைக் கடந்தோருக்கு, சீஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று இந்நாட்டின் 'நைஸ்' நிறுவனம் 2011 இல் வழிகாட்டியது. நார்க்கட்டியாலும் மாதவிலக்காலும்கூட அந்த அளவு உயரக்கூடும். ஆகவே அந்த எண்ணை மட்டும் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஸ்கான் பரிசோதனையும் சேர்ந்தே உண்மையை உணர்த்தும். மாதவிடாய் நின்றபின் இரத்தம் காணப்பட்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் வந்தால் சூலகம் முறுகியிருக்கக்கூடும். அன்றே, அப்போதே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

"ஸ்கான் எடுத்தால் கருப்பையை எடுத்துவிடுவார்கள்" என்ற அச்சம் எம் பெண்களிடம் உண்டு. இன்று அது ஒன்றே வழியன்று. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உள்ளன. கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் வளையம் உண்டு. கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சை உண்டு. கட்டிக்குச் செல்லும் குருதிக்குழாயை மெல்லிய குழாய் வழியே அடைத்து அதனைச் சுருங்கச் செய்யும் முறையை, 1995 இல் பாரிசில் ஜாக் ரவினாவும் அவரது சக வைத்தியர்களும் உலகுக்கு அறிவித்தனர். சிலருக்குக் கருப்பையை அகற்றுவதே சரியான தீர்வாகவும் இருக்கலாம். அதில் இழிவேதும் இல்லை. கட்டி எங்குள்ளது, எவ்வளவு பெரிது, இனியும் பிள்ளை வேண்டுமா என்பவற்றைக் கொண்டே முடிவு அமையும். அந்த முடிவில் பெண்ணுக்கும் குரல் உண்டு.

அந்தக் குரலைத்தான் நாம் வீட்டிலேயே அடக்கிவிடுகிறோம். அகதி விண்ணப்ப விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாலே பதறுகிறோம், திருத்தக் கோருகிறோம். அவ்விசாரணைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் சென்றவர் எம்மில் எவருமில்லை. தாயின் உடல் பற்றிய விசாரணைக்கு மட்டும் பிள்ளை போதுமென்று எப்படி எண்ணினோம்? கணவர் உடன் சென்றாலும் நிலை பெரிதும் மாறுவதில்லை. வைத்தியர் கால்மணிநேரம் விளக்கியதை அவர் ஒரு வாக்கியத்தில் சுருக்க, மனைவி சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறாள்.

"மொழிபெயர்க்க வருபவரும் எம்மூராராக இருந்தால், விடயம் ஊரெல்லாம் பரவிவிடுமே" என்று கேட்போர் உண்டு. இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறிய சமூகத்தில் வாழும் எவருக்கும் அது விளங்கும். ஆனால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தொலைபேசி மூலம் மொழிபெயர்ப்பவரைக் கோரலாம்; பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். இந்நாட்டின் தேசிய சுகாதார சேவையில் நோயாளி இதற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதிருப்போருக்கும் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமே. வைத்தியரைச் சந்திக்க நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு வேண்டிய ஆங்கிலம் எம்மில் எல்லோருக்கும் உண்டு.

சகோதரிகளே, எந்தத் திகதியில் இரத்தம் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, நாளொன்றுக்கு எத்தனை துணி மாற்றினீர்கள் என்று குறித்துச் செல்லுங்கள். வேறு வழி என்ன, காத்திருந்தால் என்ன ஆகும், சூலகத்தையும் எடுப்பீர்களா என்று கேட்ட பின்பே கையொப்பமிடுங்கள். கணவன்மாரே, உடன் செல்லுங்கள். ஆனால் பதிலை அவர்களே சொல்ல விடுங்கள். பிள்ளை அந்நேரம் பாடசாலையில் இருக்கட்டும்.

போரையும் கடலையும் தாண்டிக் குடும்பத்தைக் கரைசேர்த்த தாய்மார் இவர்கள். ஒரு நோயின் பெயரைச் சொல்ல வெட்கி அவர்கள் மெலிந்துபோக நாம் விட்டுவிடலாகாது.