ஹ்யூகோ விருதும் நம்ம அப்ரைசலும்

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒண்ணைக் கொட்டிடறேன்.

போன மாசம் புத்தகக் கடையில் நண்பன் ஒருத்தன் ஆர்.எஃப்.குவாங் எழுதிய 'பேபெல்' நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஹ்யூகோ வாங்கலையாமே, அப்ப சுமார்தான் போல" என்று திரும்ப அடுக்கில் வைத்துவிட்டான். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. அந்த நாவல் தோற்கல ராசா. ஆட்டத்துலயே சேர்க்கல!

விவரம் தெரியாதவங்களுக்கு: ஹ்யூகோ என்பது 1953லிருந்து கொடுக்கப்படும் அறிவியல் புனைகதை விருது. நடுவர் குழு எல்லாம் கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குக் காசு கட்டி உறுப்பினரான வாசகர்கள் பரிந்துரைப்பார்கள், அவர்களே ஓட்டும் போடுவார்கள். அதுதான் இந்த விருதோட ஒரே கெத்து.

2023 அக்டோபரில் மாநாடு சீனாவின் செங்டுவில் நடந்தது. சீனாவில் நடந்த முதல் மாநாடு. வழக்கமா விருது கொடுத்த ராத்திரியே வெளியாகிற பரிந்துரைக் கணக்கு, இந்த முறை விதி அனுமதிக்கிற 90 நாளும் முடிகிற அன்று, 2024 ஜனவரி 20ல் வந்தது. திறந்து பார்த்தால், பட்டியலில் இடம்பிடிக்கும் அளவுக்குப் பரிந்துரை வாங்கிய 'பேபெல்' பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: தகுதியில்லை. ரசிகர் எழுத்துப் பிரிவில் பால் வைமர், ஹ்யூகோவோடு சேர்த்துக் கொடுக்கும் புதுமுக எழுத்தாளர் விருதில் ஷிரன் ஜே ஜாவோ, எல்லாருக்கும் அதே குறிப்பு. காரணம்? ம்ஹூம். பொறுப்பாளர் டேவ் மெக்கார்ட்டியைக் கேட்டபோது, விதிகளைப் பார்த்தோம், தகுதியில்லை என்று முடிவு செய்தோம் என்கிற ரீதியில் பதில். எந்த விதி என்று கடைசி வரை சொல்லவில்லை. அதே 'பேபெல்' அந்த வருஷமே நெபுலா விருது வாங்கியிருந்தது என்பது தனிக் காமெடி.

இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பழக்கமான பதில். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் டீம் லீட் நல்ல ரேட்டிங் போட்டு அனுப்பினார். மேலே போய்த் திரும்பி வந்தபோது அது ஒரு படி குறைஞ்சிருந்தது. ஏன் சார்னு கேட்டா, "நார்மலைசேஷன்". அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, "ப்ராசஸ்". ரேட்டிங் குறைஞ்சதை விட, ரெண்டு வருஷம் நான் எங்க தப்பு பண்ணினேன்னு மண்டையை உடைச்சிக்கிட்டதுதான் வலி.

சரி, ஹ்யூகோவுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் நிர்வாகிகளுக்குள் நடந்த மடல் போக்குவரத்து வெளியே வந்தது. உள்ளே இருந்த ஒருவரே மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தது. உடனே எல்லாரும் "பார்த்தியா, சீனா புத்தியைக் காட்டிடுச்சு"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் இங்கதான் முரண்படுகிறேன். அந்த மடல்களில் எழுத்தாளர்களின் அரசியலைத் தோண்டியது சீன அதிகாரிகள் அல்ல, மேற்கத்தியத் தன்னார்வலர்கள். யார் சீனாவைப் பற்றி என்ன எழுதினார்கள், திபெத் போனார்களா, ஹாங்காங் பற்றிப் பேசினார்களா என்று கோப்பு தயார் பண்ணியிருக்கிறார்கள். கோப்பாவது ஒழுங்கா இருந்துச்சா? வைமர் திபெத் போனதாகக் குறித்திருக்கிறார்கள். மனுஷன் போனது நேபாளம்! 'பேபெல்' பற்றி எழுதியவர், தான் அதைப் படிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கான்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு பையனின் கதை அது. அபின் போருக்குத் தயாராகும் பிரிட்டிஷ் பேரரசைத் திட்டுகிற நாவல். எழுதியவர் குவாங்ஜோவில் பிறந்தவர். அதைப் போய் சீனாவில் கொடுக்கிற விருதிலிருந்து தூக்கியிருக்கிறார்கள், படிக்காமலே!

இன்னொரு பக்கம் இதைவிட மோசம். பரிந்துரைப் பட்டியல் வெளியிட்ட ஒரு சீனப் பத்திரிகையைப் பின்பற்றியதாகச் சொல்லி, அந்த ஓட்டுகளை நீக்கினோம் என்று அதே நிர்வாகி சொல்லியிருக்கிறார். பட்டியல் பார்த்துப் பரிந்துரைக்கக் கூடாது என்று விதியே இல்லை. 2015ல் அமெரிக்காவில் ஒரு கோஷ்டி பட்டியல் போட்டு சில பிரிவுகளின் மொத்தப் பரிந்துரையையும் கைப்பற்றியபோதுகூட ஓட்டுகளைக் கிழிக்கவில்லை. எண்ணும் முறையைத்தான் பிறகு முறைப்படி மாற்றினார்கள். முதன்முறையா தங்க ஊர்ல நடக்குதுன்னு காசு கட்டி வந்த சீன வாசகனுக்கு மட்டும் தனிச்சட்டம்.

"அங்க வேற என்னப்பா பண்ண முடியும், உள்ளூர் ஆளுங்களுக்குப் பிரச்சினை ஆகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பயம் நிஜம்தான். ஆனா முடியலைன்னா முடியலைன்னு சொல்லிப் பதவியை விட்டு விலகலாமே? 'தகுதியில்லை' என்று எழுதியது பயம் இல்லை, பொய். பழி எழுத்தாளர் தலையில்.

எப்படிச் செய்யணும் என்று அடுத்த வருஷமே கிளாஸ்கோ காட்டியது. 2024ல் பதிவான 3,813 ஓட்டில் 377 ஓட்டை நீக்கினார்கள். முதல் எழுத்து மட்டும் மாறி மாறி வரும் பெயர்கள், எண்களின் பெயரையே வரிசையாக வைத்த கணக்குகள் என்று காரணத்தோடு, முடிவு வருமுன்பே அறிவித்தார்கள். அந்த ஓட்டுகளால் பயனடைந்திருக்கக்கூடியவரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதால். ஒரு நல்ல லாக் ஃபைல் இப்படித்தான் இருக்கும்.

2023ல் சிறுகதைக்கு விருது வாங்கிய சமந்தா மில்ஸ், இனி அதைத் தன் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். தப்பு பண்ணாத ஆள் கோப்பையைக் கீழே வைக்கிறார். ஜெயித்தவருக்கும் சந்தோஷம் இல்லை, விலக்கப்பட்டவருக்கும் பதில் இல்லை.

ஓட்டை நீக்கு, பேரை நீக்கு, தேவைன்னா விருதையே ரத்து பண்ணு. ஆனா ஏன்னு ஒரு வரி எழுதிட்டுப் பண்ணு. அவ்ளோதான் கேக்கறேன்.

டிஸ்கி: அன்னைக்கு அந்த 'பேபெல்' பிரதியை நானே வாங்கி நண்பன் பையில் திணிச்சிட்டேன். பாதி தாண்டிட்டானாம். ஃபோன் எடுக்க மாட்டேங்கறான்.