முப்பது படுக்கை, ஒரு நர்ஸ்

இரவு 2 மணி. வார்டில் ஒரு நோயாளிக்குச் சர்க்கரை எகிறுகிறது. டாக்டர் போனிலேயே இன்சுலின் அளவைச் சொல்கிறார். நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரம் போட்டு எழுதிவைக்கிறார். டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால், முதலில் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான்.

இந்தப் பொறுப்புக்குச் சட்டப் பின்னணி உண்டு. சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. 1947-இல் வந்த இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், நாடு முழுக்க ஒரே பயிற்சித் தரத்தை நோக்கமாகக் கொண்டது. அதற்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. தேசியப் பதிவேடும் நெறிமுறைகளைக் கவனிக்கும் வாரியமும் அதில் உண்டு.

எல்லாம் சரி. ஆனால் கடிவாளம் நர்சுக்கு மட்டும்தானா?

போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது கவுன்சிலின் அளவுகோல். பல வார்டுகளில் அது ஏட்டுச் சுரைக்காய். பதிவில்லாமல் பணிசெய்வது விதிமீறல் என்றால், முப்பது படுக்கைகளை ஒருவர் தலையில் கட்டுவதும் விதிமீறலாக வேண்டும். மருத்துவமனை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, இரவுப் பணிப் பட்டியலையும் அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.